பெண்ணாடத்து அரசனும் அமைச்சர்களும்

பெண்ணாடத்துக்குத் தூங்கானைமாடக் கோயிலால் வந்த பெயர் பெரிது. அதே ஊரில் 13ஆம் நூற்றாண்டில் பிறந்த மெய்கண்டாரின் பெயர் சைவ வட்டத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை. போயிருக்க வேண்டும். அவருடைய சிவஞானபோதம் 12 சூத்திரங்கள்தான். மூன்றாவது சூத்திரம் ‘நான்’ என்பது எது என்று தேடுகிறது. உயிரே இல்லை என்கிறாயே, அப்படிச் சொல்லும் அறிவு எது? ‘என் உடம்பு’ என்கிறாய். உடம்புக்கு உடையவன் யார்? கண் கேட்காது, காது பார்க்காது; இரண்டையும் சேர்த்து அறிவது எது?

நான்காவதில் உயிர் அரசன். மனமும் புத்தியும் மற்றவையும் அமைச்சர்கள். ஆணவம் என்னும் அழுக்கு அறிவை மறைப்பதால் அமைச்சர்கள் இன்றி அரசனுக்கு எதுவும் விளங்காது. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் 1739இல் எதிர்த்திசையில் போனார். உள்ளே தேடினால் உணர்வுகள்தாம் அகப்படுகின்றன என்றவர், ஆட்களும் சட்டங்களும் மாறியும் தொடர்கிற குடியரசுக்கு உயிரை ஒப்பிட்டார். நம் அலுவலகங்களில் எனக்குத் தென்படுபவன் மெய்கண்டாரின் அரசன்தான்: கீழே இருப்பவர் கோப்பில் எழுதியதற்கு மேல் ஒன்றும் அறியாத மேலதிகாரி.

உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பதும் மெய்கண்டாரின் சைவ சித்தாந்தத்தின் கொள்கை. கூட்டம் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் அந்தக் குருமரபின் கதைகளோ கூட்டத்தை மீறியவர்களைப் பற்றியவை. ஆகமங்களைக் கரைத்துக் குடித்த அருள்நந்தி, ஆணவத்தின் வடிவம் என்ன என்று சிறுவரான மெய்கண்டாரிடம் கேட்டாராம். பிள்ளை அவரையே ஏற இறங்கப் பார்த்தது. பெரியவர் காலில் விழுந்து மாணவரானார். தில்லைக் கோயில் தீட்சிதரான உமாபதி, அதே மரபின் குருவான மறைஞானசம்பந்தர் பின்னே பல்லக்கிலிருந்து குதித்து ஓடி, நெசவாளர் தந்த கூழைக் குரு குடித்தபோது அவர் கைவழியே ஒழுகியதை ஏந்திக் குடித்தார். தீட்சிதர்கள் அவரை விலக்கிவைத்தார்கள். சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் குடியேறினார்.

தீட்சிதர்கள் பிறப்பால் அமைந்த கூட்டம். அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. அவர்கள் தனிச் சமயப் பிரிவினரே என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. கேள்வி கேட்க வேண்டியது, மெய்கண்டார் வழிவந்தோம் என்னும் ஆதீனங்களை. வயதையும் குலத்தையும் தள்ளிவைத்து வளர்ந்த வரிசை அது. உடம்பு வேறு, உயிர் வேறு என்று மூன்றாம் சூத்திரத்தைப் பாடம் சொல்லும் அதே மடங்களில்தான், பட்டத்துக்கு ஆள் தேடும்போது பிறந்த சாதியும் பார்க்கப்படுகிறது.