ஆடலும் உளத்துயரும்

உள்ளத்து நிகழ்வன உடலிலே புலப்படுதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் கூறும் எட்டனுள் அழுகையும் அச்சமும் அடங்கும். சொல்லில் அடங்காத் துயரை மெய்வழியே வெளிக்கொணர்தல் கூடும் என்பதே ஆடற் சிகிச்சையின் அடிப்படை. 1942இல் வாசிங்டன் நகரிலே, சென் எலிசபெத் மருத்துவமனையில், மரியன் சேஸ் அம்மையார் உளநோயாளரின் அசைவுகளைத் தாமும் அசைந்துகாட்டிப் பேசாதாரோடும் உறவு கொண்டார்.

2009 வரை நீடித்த போரின் வடுத் தாங்கிய இல்லங்களிலிருந்தும் நம் மாணவர் வருகின்றனர். அவர்க்கு ஆடல் மேடைக்கும் பரிசுக்கும் மட்டுமோ? வட்டக்களரிக் கூத்தும் கோலாட்டமும் நம்மிடம் உள்ளன. வாரம் ஒரு பாடவேளையேனும், பார்ப்போரும் புள்ளியும் இன்றி, அவற்றை ஆடவிடுதல் நன்று. ஆடல் மருத்துவத்துக்கு மாற்றன்று. ஆதலின், உளவளத்துணையிலே பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தப் பழைய மாணவர் சங்கத்தார் முன்வருதல் வேண்டும். கட்டிடத்துக்கு ஈந்த கைகள் இதற்கும் ஈதல் தகும்.