ஓர் ஓவியர், பல பத்திரிகைகள்

பெர்ன்ஹில்லில் மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் வீட்டில் காமிக்ஸ்தான். ஊட்டி மார்க்கெட்டிலிருந்து அப்பா காய்கறிப் பைக்குள் நனையாமல் கொண்டுவருவார். ராணி காமிக்ஸின் முகமூடி மாயாவி வேறு, முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு என்று தம்பிக்குச் சொல்லிச் சொல்லியே மழை விட்டுவிடும்.

முகமூடி மாயாவியை உலகெங்கும் கொண்டுசேர்த்தது கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டுக்காக மோசஸ் கோனிக்ஸ்பெர்க் 1915-இல் தொடங்கியது. கோனிக் என்றால் ஜெர்மனில் அரசன்; அதுவே 'கிங்' ஆயிற்று. ஓவியர் ஒருமுறை வரைவார். அதன் பிரதிகள் ஊர் ஊராகப் பத்திரிகைகளுக்குப் போகும். ஓர் ஓவியரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வழியில்லாத சிற்றூர் நாளிதழும் சிறு கட்டணத்தில் மிகச்சிறந்த கையின் கோடுகளை அச்சிட்டது. லீ ஃபாக்கின் மாண்ட்ரேக் 1934-இலும், தமிழில் முகமூடி மாயாவியான ஃபாண்டம் 1936-இலும் இப்படித்தான் புறப்பட்டன. 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் ஃபாண்டமை இங்கே புத்தகமாக்கியபோது, அவன் வாழ்ந்த 'பெங்காலி' நாடு 'டெங்காலி' ஆனது.

இந்த சிண்டிகேட் ஏற்பாட்டில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. ஃபாக் 1999-இல் இறக்கும்வரை ஃபாண்டமை எழுதினார், உரிமையோ நிறுவனத்திடம். இரும்புக்கை மாயாவியின் கதை இன்னும் வருத்தமானது. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த அது, லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் தொடர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த நாளில் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்கள் ஓவியர் பெயரைப் போடுவதில்லை. அந்த இரும்புக் கையைச் சிலேட்டில் வரைந்து வரைந்து அழித்த எனக்கு, அதை வரைந்தவர் பெயர் தெரிய முப்பது ஆண்டுகளாயின.

1960 முதல் தினத்தந்தியில் வரும் கன்னித்தீவு, தினசரிப் படக்கதைக்குத் தமிழர் தரும் வரவேற்பைக் காட்டிவிட்டது. ஆனால் அது ஒரே நாளிதழின் சொத்து. கூடிப் பகிர்வது காசில்லாத சிற்றிதழ்களுக்குத்தான் அதிகம் தேவை.

அதனால் நம் பத்திரிகையில் அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் படக்கதைக்கு. தேயிலைக் காட்டையும் படுகர்களின் ஊரான ஹட்டியையும் வரையத் தெரிந்தவர்கள் அனுப்புங்கள். உரிமை வரைந்தவருக்கே. மறுபதிப்பு செய்ய விரும்பும் சிற்றிதழ்கள் அவரிடம் கேட்டு, தங்களால் இயன்றதைக் கொடுத்து, அவர் பெயரைப் படத்துக்கு மேலேயே போடுங்கள்.