கருணைக்கொலை: சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது?

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைத் தாண்டினால் எர்ணாகுளம். அங்கே இருக்கும் கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனார். 'நிறைவா வாழ்ந்தாச்சு, நோய் எதுவும் இல்லை, இப்பவே விடைபெற அனுமதி கொடுங்க' என்பதுதான் அவர் கோரிக்கை. அதற்கும் தற்கொலைக்கும் வித்தியாசம் இல்லை என்று 2000-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சரி, மீளவே முடியாத நோயாளி என்றால்?

எது குற்றம், எது உரிமை?

மருந்து கொடுத்து உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். நோயாளியே கெஞ்சினாலும் டாக்டர் செய்ய முடியாது. ஆனால் பலன் தராத சிகிச்சையை நிறுத்தி, மரணம் இயல்பாக வர விடலாம். 2011-ல் அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நிபந்தனைகளோடு ஏற்றது. 2018-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் 21-வது பிரிவு தரும் உரிமை என்றது.

'லிவிங் வில்' எப்படி எழுதுவது?

நினைவு தப்பினால் எந்த சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம் இது. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 முதல் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். உங்களுக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும். சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவணம் இல்லாவிட்டால், குடும்பத்தினர் சம்மதத்தோடு அதே குழுக்கள் முடிவெடுக்கும்.

அப்புறம் எதற்கு விவாதம்?

வென்டிலேட்டரே இல்லாமல் வலியில் துடிக்கிறவருக்கு நிறுத்த எதுவும் இல்லை. இந்தச் சட்டம் அவருக்கு உதவாது. நெதர்லாந்து 2002 முதல் டாக்டரின் உதவியோடு இறக்க அனுமதிக்கிறது, இங்கேயும் வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. ஆஸ்பத்திரி பில் கட்ட நகையை அடகு வைக்கும் வீட்டில், 'நான் பாரமா இருக்கேனே' என்ற குற்ற உணர்ச்சியே சம்மதமாக மாறிவிடும் என்று பயப்படுகிறது மறுதரப்பு.

இரண்டாவது பயம் லேசானதல்ல. நாட்டிலேயே முதலில், 2008-ல், வலி தணிப்பு சிகிச்சைக்கென கொள்கை வகுத்த மாநிலம் கேரளா. அங்கே உள்ளாட்சி அமைப்புகளின் நர்ஸ்கள் வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்க்கிறார்கள். இந்த வசதி எட்டாத ஊரில் ஒருவர் சாவைக் கேட்டால், அது அவர் விருப்பமா, வேறு வழி இல்லாததாலா?

புதுச் சட்டம் வருமா என்பது நாடாளுமன்றத்தின் கையில். லிவிங் வில் உங்க கையில். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பா அம்மாவுக்கு என்ன விருப்பம்னு கேளுங்க. உங்க விருப்பத்தையும் சொல்லிடுங்க.