கீரை மட்டும் போதாது

நிவாரணப் பொருட்கள் என்றதும் எம் நினைவுக்கு வருபவை அரிசி, மா, பருப்பு, சீனி. எண்ணெயை எவரும் பெரிதாக நினைப்பதில்லை. கையில் காசு குறைந்தால் வீட்டிலும் முதலில் குறைவது அதுவே. இது பெருந்தவறு என்பது எமது கருத்து.

1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய மக்கள் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் கொட்டில் போட்டு இருந்தபோது வயிற்றை நிரப்புவதே பெரும்பாடாக இருந்தது. 2008இன் பிற்பகுதியில் ஸ்கந்தபுரத்தாரும் இடம்பெயர்ந்தனர். மீளக்குடியேறிப் பல வருடங்கள் கடந்தும் சொந்தக் காணியோ காய்க்கும் தென்னையோ இல்லாத குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. 2025இல் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாவைத் தாண்டியபோது அதிகம் வாடியவர்கள் இவர்களே.

முருங்கை இலை, பொன்னாங்காணி, பூசணி, பப்பாசி ஆகியவற்றில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து நிறைய உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். உணவில் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீர் வேண்டிய அளவு குடலுக்கு வந்து, அந்தச் சத்தைக் குடற்சுவர் உறிஞ்ச வழிசெய்யும். விற்றமின் டி, ஈ, கே என்பனவும் இப்படித்தான். எண்ணெயோ தேங்காயோ சேராமல் அவித்த கீரையை உண்டால் அதன் சத்தில் பெரும்பங்கு வீணாகக் கழிந்துபோகும். மாலைக்கண் வந்த பிள்ளைக்குக் கீரை கொடுக்கச் சொல்லும் நாம், அதோடு ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் வேண்டும்.

சிறுபிள்ளையின் வயிறு கைப்பிடியளவு. சோறும் கஞ்சியும் அதை விரைவில் நிரப்பிவிடும். உடம்புக்கு வேண்டிய சக்தியோ கிடைத்திராது. ஒரு கிராம் மாச்சத்து நான்கு கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது தரும். சாரிபாத் ஊர் விதவையிடம் மிஞ்சியிருந்தவை ஒருபிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். இரண்டும் சேர்ந்தே உணவு என்பது அந்த ஏழைப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

பொரியலை நாம் பரிந்துரைக்கவில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த கடை வடையால் நன்மையில்லை. இருதய நோயாளர் வைத்தியர் சொற்படி நடக்கட்டும். எங்கள் தாய்மார் கீரை வறைக்குத் தேங்காய்ப்பூ போட்டது ருசிக்காக மட்டுமல்ல. ஒரு பிடி தேங்காய்ப்பூ, இடித்த எள்ளு, அவித்த கச்சான், முட்டை மஞ்சட்கரு, இவற்றில் எது கிடைத்தாலும் நல்லதே. தேங்காயெண்ணெயில் குறைவாக உள்ள அவசியமான கொழுப்பமிலம் ஒன்று நல்லெண்ணெயில் தாராளமாக உண்டு. இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்தலாம்.

தென்னை வையுங்கள் என்று சொல்வது எளிது. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடங்கள் செல்லும். நாளை எழும்பச் சொல்லக்கூடிய காணியில் எவர் தென்னை நடுவார்? ஆகவே காணி அனுமதிப்பத்திரம் பிள்ளையின் கண்பார்வையோடும் தொடர்புடைய விடயம். அது கிடைக்கும்வரை மூன்று மாதத்தில் விளையும் எள்ளே காணியற்றவருக்குக் கைகொடுக்கும். அதன் விதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். குத்தகைத் துண்டில் சிறுபோகத்துக்கு விதைப்பவர்கள் முழுவதையும் வியாபாரிக்கு அளந்துவிடாமல், வீட்டுக்கென ஒரு பங்கை முதலில் ஒதுக்கவேண்டும். கிராமத்துக்கு உதவி கொண்டுவரும் நிறுவனங்களிடம் நாம் கேட்பது, நல்ல எள்ளு விதையும் பங்கு ஆட்கள் சேர்ந்து நடத்தக்கூடிய ஒரு செக்கும்.