கணக்கு ஆசிரியை எங்கே போனார்?



ஜூன் மாதம் பாடசாலை திறந்தபோது உங்கள் பிள்ளைக்குக் கணக்குக் கற்பித்தவர் ஒருவர். கணபதி விடுமுறைக்குப் பின் வந்தவர் வேறொருவர். தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பினால் அவரும் இல்லை. ஓவிய ஆசிரியர் வகுப்புக்குள் வந்து, "சத்தம் போடாமல் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் முலுண்டிலும் கல்யாணிலும் வீடு சந்திக்கப் போகும்போது தாய்மார் சொல்லும் ஜெப விண்ணப்பங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. "பாஸ்டர், பிள்ளைக்குப் படிப்பே ஏறவில்லை, ஜெபம் பண்ணுங்கள்" என்கிறார்கள். ஜெபிக்கிறேன். ஆனால் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டால், ஆசிரியர் வராததுதான் காரியம் என்பது வெளியே வந்துவிடுகிறது.

பின்னக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் பாதியில் போய்விட்டால், புதிதாய் வருகிறவர் தசமத்திலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் விடுபட்ட பாகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போதுதான் அந்த ஓட்டை தெரியும். அப்பொழுது வீட்டில் அந்தப் பிள்ளைக்கு "மந்தம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். தகப்பனுக்கு இரண்டாவது ஷிப்ட், தாய்க்கு நான்கு வீட்டு வேலை. கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீடுகளில் அந்தப் பெயர் பிள்ளையை விட்டுப் போவதே இல்லை.

இது நம் பட்டணத்தின் வியாதி மாத்திரமல்ல. 2024-25ஆம் கல்வியாண்டின் மத்திய அரசுப் புள்ளிவிவரப்படி, ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு நடக்கும் பாடசாலைகள் இந்தியாவில் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் அதிகம். பட்டணத்திலோ குறை வேறு உருவத்தில் இருக்கிறது. கட்டடம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, கட்டண ரசீதும் தவறாமல் உண்டு. வகுப்பில் நிலையாய் நிற்கும் ஆள்தான் இல்லை.

ஏன் போகிறார்கள்? கட்டணம் குறைந்த ஆங்கிலவழிப் பாடசாலைகளில் பி.எட். முடித்த பெண்பிள்ளைகள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பது நம் சபைகளில் பலருக்கும் தெரிந்ததே. நம்முடைய குமாரத்திகளே அங்கே வேலை செய்கிறார்கள். பத்து மாதம் மாத்திரம் சம்பளம் கொடுத்து, கோடை விடுமுறைக்கு முன் கணக்கு முடித்துவிடும் நிர்வாகங்கள் உண்டு. ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறொரு தொகையைக் கையில் கொடுப்பவர்களும் உண்டு. டியூஷன் வகுப்பில் மாலை மூன்று மணி நேரம் நின்றால் இதைவிட அதிகம் கிடைக்கும் என்றால், அந்தச் சகோதரி ஏன் நிற்கவேண்டும்? "பாதியில் விட்டுவிட்டுப் போனாள்" என்று அவள்மேல் பழி போடுவது எளிது. அவளை நிற்கவிடாதது எது என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டவர்கள் வெகு சிலரே.

அரசு தரப்பும் நேர்த்தியாய் இருக்கவில்லை. மகாராஷ்டிராவில் புதிதாய் நியமிக்கப்படும் ஆசிரியர் முதல் மூன்று வருடம் 'ஷிக்ஷண் சேவக்' என்ற பெயரில் மதிப்பூதியத்தில் வேலை செய்யவேண்டும். தொடக்கப் பள்ளியில் அந்த மதிப்பூதியம் 2023இல் 16,000 ரூபாயாக உயரும்வரை மாதம் 6,000 ரூபாயாக இருந்தது. பம்பாயில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். நியமனத்துக்கான திறனறித் தேர்வு 2017 டிசம்பரில் நடந்தது, அடுத்தது 2023இல்தான். இடையில் ஓய்வுபெற வேண்டியவர்கள் தேர்வு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

இனி ஒரு கசப்பான காரியம். பம்பாய் மாநகராட்சி எட்டு மொழிகளில் பாடசாலை நடத்துகிறது, தமிழும் அவற்றில் ஒன்று. ஒரு தமிழ் ஆசிரியர் ஓய்வுபெற்றால், அந்த இடத்துக்குத் தமிழில் கற்பிக்கவும் இந்த மாநிலத்தின் தகுதி விதிகளை நிறைவேற்றவும் கூடியவர் வேண்டும். அது சுலபமல்ல, இடம் காலியாகவே கிடக்கும். "டீச்சர் இல்லை" என்று பெற்றோர் பிள்ளையை ஆங்கிலவழிக்கு மாற்றுகிறார்கள். பணியிடங்களின் எண்ணிக்கையோ பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே அனுமதிக்கப்படுகிறது. பிள்ளைகள் குறைந்தபோது, காலியாய் இருந்த அந்த இடமே இல்லாமற்போகிறது. மாற்றிக்கொள்ள வசதியுள்ளவர்கள் போய்விடுவார்கள், வசதியற்றவர்களின் பிள்ளைகள் இரண்டு வகுப்பும் ஒரே அறையில் உட்காருவார்கள். ஆகையால் பிள்ளையை மாற்றும் முன் கேளுங்கள் என்கிறேன். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்புவரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றும், ஆறு முதல் எட்டுவரை 35 பேருக்கு ஒருவர் என்றும் வகுத்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியராவது இருக்கவேண்டும். அரசும் மாநகராட்சியும் நடத்தும் பாடசாலைகளிலும் பெருமளவு அவற்றின் நிதியில் நடப்பவற்றிலும், அனுமதிக்கப்பட்ட இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காலியாய் இருக்கக்கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை ஆகிய மூன்றும் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது. (இந்த மூன்றுமே எத்தனை நாட்களை விழுங்குகின்றன என்பது வேறு கதை.)

இப்படிப்பட்ட பாடசாலைகளில் மேலாண்மைக் குழு ஒன்று இருக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. மராத்தியில் 'ஷாலா வ்யவஸ்தாபன் சமிதி' என்பார்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நம்முடைய சகோதரிகள் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்? "எனக்கு மராத்தி பேச வராது" என்று பின்வாங்குகிறீர்கள். காய்கறிச் சந்தையில் பேசுகிற மராத்தி இங்கே போதும்.

தனிப்பட்ட நிர்வாகத்தில் உதவியின்றி நடக்கும் பாடசாலைகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை. சிறுபான்மையினர் பாடசாலைகளுக்கு இச்சட்டமே பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் வேறோர் அமர்வு அந்தத் தீர்ப்பை மீண்டும் ஆராயவேண்டும் என்று கருதியது. கிறிஸ்தவப் பெயரைத் தாங்கி நிற்கும் பாடசாலைகள் இந்த இடத்தில் தங்களை ஆராய்ந்துபார்ப்பது நலம். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைப்போருக்கு யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் எழுதியது வகுப்பறைக்குப் பொருந்தாது என்று யார் சொன்னது? கட்டடத்துக்கு மேலும் ஒரு மாடி கட்டுமுன் ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுங்கள்.

பல சபைகளில் சனிக்கிழமைதோறும் வாலிபர்கள் இலவச டியூஷன் நடத்துகிறார்கள். நல்ல ஊழியம். ஆனால் வாரத்தில் ஒரு மாலை, வாரம் ஆறு நாள் இல்லாத ஆசிரியருக்கு ஈடாகாது. அதே வாலிபர்களில் மராத்தி எழுதத் தெரிந்த ஒருவரை ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரைமணி நேரம் உட்காரவையுங்கள். உங்கள் பிள்ளை படிப்பது மாநகராட்சிப் பாடசாலையானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதட்டும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டு அட்டை உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மகாராஷ்டிராவில் ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருளைப் பற்றி, 150 வார்த்தைக்குள் கேட்கவேண்டும். பதில் 30 நாளில் வரவேண்டும். கேட்கவேண்டியவை இவை: இந்தப் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்கள் எத்தனை, அவற்றில் இன்று நிரம்பியிருப்பவை எத்தனை, கணக்குப் பாடத்துக்கு எந்தத் தேதியிலிருந்து ஆள் இல்லை.