கப்பல் இனாம்: பிச்சையா, கூலியா?

சென்ற மாதம் ஒரு தோட்டத்துத் தேநீர்க் கடையில் ஒரு கதை கேட்டோம். சொன்னவர் ஓய்வு பெற்ற கிராணியார். முப்பது வருடம் செக்ரோல் எழுதிய கை. சேமநிதிப் பணம் வந்ததும் மனைவி, மகள், மருமகன் சகிதம் சிங்கப்பூரில் கப்பலேறி, நான்கு இரவு உல்லாசப் பிரயாணம் போய் வந்திருக்கிறார். உழைத்தவர், அனுபவிக்கட்டும். அதில் நமக்குச் சந்தோஷமே. கடல் எப்படி இருந்தது, சாப்பாடு எத்தனை வகை, நீச்சல் குளம் எத்தனை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு சாமர்த்தியத்தைச் சொன்னார்.

“கணக்குச் சீட்டைப் பார்த்தேன். தலைக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு டாலர் டிப்ஸ் என்று அவனாகவே போட்டிருக்கிறான். நாலு பேருக்கு நாலு நாள், 288 அமெரிக்க டாலர்! நம்ம காசுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேலே. யாரைக் கேட்டுப் போட்டான்? நேரே கவுண்டருக்குப் போய் ‘எடு’ என்றேன். மூச்சு விடாமல் எடுத்துவிட்டான்!”

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஓரத்தில் காப்பிக்குக் காத்திருந்த ஓர் அம்மாள், பால் வெட்டிவிட்டு வந்தவர், சிரிக்கவில்லை. “ஐயா, அறையைக் கூட்டினானே அந்தப் பையன், அவனுக்கு மாசச் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்களா?” என்றார்.

கிராணியார் கேட்கவில்லை. ஆயிரம் பேரின் சம்பளத்தை ஆயுள் முழுவதும் எழுதியவர், தமக்குப் படுக்கை விரித்தவனின் சம்பளத்தைக் கேட்கவில்லை. அவர்மீது நமக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வி எவர் மனத்திலும் எழாதபடி கப்பல் கம்பெனிகள் கட்டி வைத்திருக்கும் ஏற்பாட்டின்மீதுதான் நம் கோபமெல்லாம்.

தோழர்களே, ஏற்பாடு என்னவென்று பாருங்கள். முன்னாளில் உல்லாசக் கப்பலில் கடைசி இரவன்று பிரயாணிகள் உறையில் பணம் போட்டு, பரிமாறினவருக்கும் அறை பார்த்தவருக்கும் கையில் கொடுப்பார்கள். பிறகு கம்பெனிகளே நாள் கணக்குப் போட்டு, பிரயாணியின் கணக்கில் எழுதிக்கொள்ளத் தொடங்கின. இன்று பெரிய கம்பெனிகளின் கப்பல்களில் சாதாரண அறைக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை போடுகிறார்கள். பானம் குடித்தால் அந்தச் சீட்டில் தனியாக 18 அல்லது 20 விழுக்காடு. இந்த நாள் கணக்குப் பணம் அறைச் சிப்பந்தி, பரிமாறுகிறவர், அவருக்கு உதவியாள், கண்ணில் படாமல் கீழ்த்தட்டில் வேலை செய்கிறவர்கள் என்று பலருக்கும் பிரிக்கப்படுவதாகக் கம்பெனிகளே சொல்கின்றன. எவருக்கு எவ்வளவு என்பதை மட்டும் பெரும்பாலும் விவரமாகச் சொல்வதில்லை.

நாள்தோறும் வருவது, தலைக்கு இவ்வளவு என்று நிச்சயித்தது, கம்பெனியே வசூலிப்பது, கம்பெனியே பங்கு போடுவது: இதற்கு இனாம் என்று பேரா? இது சம்பளம். முதலாளியின் பெட்டியிலிருந்து வரவேண்டிய சம்பளத்தில் ஒரு பெரும் பங்கைப் பிரயாணியின் சட்டைப்பைக்கு மாற்றிவிட்டு, அதற்கு ‘உங்கள் மனமுவந்த அன்பளிப்பு’ என்று பூச்சூட்டியிருக்கிறார்கள். பெயர் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். சம்பளம் என்றால் குறைக்க முடியாது. குறைத்தால் வழக்கு வரும். அன்பளிப்பு என்றால் எவரும் எந்த நிமிஷமும் ‘எடு’ என்று சொல்லலாம். நம் கிராணியார் சொன்னார். எடுத்தார்கள். பிரயாணச் சீட்டின் பணம் முன்கூட்டியே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஒரு காசு குறையவில்லை. குறைந்தது கீழே உள்ளவன் பங்கு.

மழைக்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் காசு இல்லை என்று வானத்தைப் பார்த்துக் குடும்பம் நடத்தியவர்கள் நாம். மாதச் சம்பளம் வேண்டும் என்று எத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினோம்! கப்பல் சிப்பந்திக்குப் பிரயாணியின் முகமே வானம். அது கறுத்தால் அவன் வீட்டில் அடுப்பு அணையும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் உல்லாசக் கப்பல்கள் நின்றபோது நடந்ததை மறந்துவிட்டோமா? பிரயாணிகளை இறக்கி அனுப்பினார்கள். சிப்பந்திகளோ துறைமுகங்கள் கதவடைத்ததால் மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தார்கள். பிரயாணி இல்லாத கப்பலில் டிப்ஸ் எங்கிருந்து வரும்?

கடலில் சட்டமே இல்லையா என்றால், உண்டு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2006-ல் கொண்டுவந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். அறை துடைப்பவரும் தட்டு கழுவுகிறவரும் அதன் கண்ணில் மாலுமிகளே. நல்லது. ஆனால் ஓய்வு நேரக் கணக்கைப் பாருங்கள்: ஏழு நாளில் குறைந்தது 77 மணி ஓய்வு. வாரத்துக்கு 168 மணி. 77 போக மீதி 91. அதாவது, ஓய்வைக் கணக்கிடும் நாட்டின் கொடியின்கீழ் ஒருவனை வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டம் மீறப்படவில்லை! தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி என்று இருக்கிறதே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தக் காலம் ஆறு மாதம், எட்டு மாதம், ஒன்பது மாதம். அதுவரை ஞாயிறு இல்லை, தீபாவளி இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் தேர்ந்த மாலுமிக்கு இவ்வளவு குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் என்று வழிகாட்டும் கணக்கு ஒன்று உண்டு. அறைச் சிப்பந்திக்கு அப்படித் தனிக் கணக்கு கிடையாது. அந்த ஓட்டையில்தான் டிப்ஸைத் திணித்து வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் ஆபீஸ் மியாமியில். கம்பெனியின் பதிவு லைபீரியாவிலோ பெர்முடாவிலோ. கப்பலின்மேல் பறப்பது பஹாமாஸ் கொடி. சிப்பந்தி மணிலாவிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ கோவாவிலிருந்தோ வந்தவன். அவன் எந்த நாட்டு மந்திரியிடம் போய் முறையிடுவது? இந்த வசதிக் கொடி வித்தையை எதிர்த்து சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948-லிருந்து போராடி வருகிறது. இன்னும் போராட்டம் முடிந்தபாடில்லை.

இந்த வித்தை கடலில் பிறந்ததுமல்ல. அமெரிக்காவில் 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ரயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளிமார், “சம்பளத்தை நான் ஏன் கொடுப்பது? வருகிறவன் கொடுப்பான்” என்றார்கள். புல்மன் கம்பெனியின் படுக்கை ரயில்களில் பணியாற்றிய கறுப்பினச் சிப்பந்திகள் மாதம் 400 மணி நேரம் உழைத்துவிட்டுப் பிரயாணியின் சில்லறைக்குக் காத்திருந்தார்கள். சொந்தப் பெயர் சொல்லி அவர்களைக் கூப்பிடுவோர் குறைவு. முதலாளியின் பெயரை வைத்து ‘ஜார்ஜ்’ என்று கூப்பிடுவார்கள். நம்மையெல்லாம் ‘ராமசாமி’ என்று ஒரே பெயரில் அடக்கிய துரைமாரை நினைவிருக்கிறதல்லவா, அதே ஜாதிதான். 1925-ல் அவர்கள் ஏ. பிலிப் ராண்டால்ப் தலைமையில் சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு வருடம் கம்பெனி அசையவில்லை. 1937-ல் கையெழுத்துப் போட்டது. மாதம் 400 மணி 240 ஆகியது, சம்பளம் உயர்ந்தது. சில்லறை கொடுக்கும் கைக்கு ‘பெரிய மனது வை’ என்று மனுப் போட்டு வந்ததல்ல அது. சங்கத்தால் வந்தது.

அதே அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 காசு. 1991-லிருந்து அந்த எண் அசையவில்லை. சில மாநிலங்கள் தாமாக உயர்த்தியிருக்கின்றன என்பது வேறு விஷயம். அந்தத் தேசத்துப் புத்திதான் கப்பலேறி நம் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டு முதலாளிகள் மட்டும் சளைத்தவர்களா? நம் ஓட்டல்களில் பில்லோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வாங்கி, அதைத் தொழிலாளருக்குப் புள்ளிக் கணக்கில் பிரித்துக் கொடுப்பது கூட்டு ஒப்பந்தம் மூலம் வந்த பழக்கம். 2013-ல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்ததும் ஓட்டல் முதலாளிகளுக்கு ஒரு மூளை வேலை செய்தது. “சேவைக் கட்டணத்தையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்போம், 900 வந்துவிடும்” என்றார்கள். தொழிலாளியின் இடது பையில் இருப்பதை எடுத்து வலது பையில் போட்டுவிட்டுச் சம்பளம் கொடுத்தேன் என்பது! ஓட்டல் தொழிலாளர் சங்கம் விடவில்லை. வழக்கு படிப்படியாக ஏறிக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021-ல் தீர்ப்பு வந்தது: சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது. அந்தக் குறைந்தபட்சம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. கரையில் நிலைநாட்டிய இந்த நியாயத்துக்குக் கடலில் மட்டும் ஏன் இடமில்லை? துறைமுகத்தைவிட்டுப் பத்து மைல் போனால் வயிறு வேறா?

“டிப்ஸ் என்பதே கேவலம், நான் கொடுக்க மாட்டேன். அப்போதுதான் கம்பெனிக்குப் புத்தி வரும்” என்று வாதிக்கும் படித்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். முன்பாதி சரி. பின்பாதி தப்பு. கம்பெனிக்குப் புத்தி கற்பிக்கச் சிப்பந்தியின் முதுகிலா அடிப்பது? தண்டலோடு தகராறு என்றால் நிரைக்காரனின் பேரையா அடிப்போம்? உண்மையாகக் கொள்கை பேசுகிறவர், சீட்டு வாங்கும்போதே பேசட்டும். டிப்ஸையும் கட்டணத்திலேயே அடக்கி விற்கும் கப்பல்களும் உண்டு. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019-ல் நாள் கணக்கு டிப்ஸை நீக்கிவிட்டது. அதனால் கப்பல் மூழ்கவில்லை. மற்றவர்களும் செய்யலாம், மனமில்லை.

“வேலை சரியில்லாதவனுக்கும் கொடுப்பதா?” என்பார் இன்னொருவர். வேலை சரியில்லை என்றால் மேலதிகாரியிடம் அன்றைக்கே சொல்லுங்கள். சரி செய்யச் சொல்லுங்கள். சூப் ஆறிப்போனதற்காகக் கீழ்த்தட்டில் துணி வெளுப்பவனின் பங்கை வெட்டுவது என்ன நியாயம்?

கொடுக்கும்போது கொடுக்கும் முறையும் ஒன்று இருக்கிறது. நம்மில் சிலர் ஐந்து டாலரைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் சிப்பந்தியை ஆட்டி வைப்பதைக் கண்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். விசில் அடித்துக் கூப்பிடுவதும், வயதில் பெரியவரை ‘ஏய் பாய்’ என்பதும் நமக்கு அடுக்குமா? அந்த வார்த்தையை எத்தனை தலைமுறை வாங்கிக் கட்டிக்கொண்டோம்! சட்டையில் பெயர் எழுதியிருக்கிறது; பெயர் சொல்லி அழையுங்கள். நாள் கணக்குப் பணத்தை அப்படியே விட்டுவையுங்கள். ஒருவர் உங்களுக்கு விசேஷமாக உதவினார் என்றால், வயதான தாயை நாற்காலியில் வைத்துத் தள்ளினார், குழந்தைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்றால், அவர் கையிலேயே, சிறிய நோட்டாக, நன்றி சொல்லிக் கொடுங்கள். பானச் சீட்டில் விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கீழே காலியாக விட்டிருக்கும் கோட்டைக் கண்டு மறுபடியும் எழுத வேண்டிய கட்டாயமில்லை. அபிப்பிராயச் சீட்டு கொடுத்தால் அவர் பெயரைக் குறித்து நல்லபடி எழுதுங்கள். காசில்லாத செலவு அது.

அடுத்த பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலோ போர்ட் கிள்ளானிலோ கப்பலேற முன்பணம் கட்டியிருக்கும் தோழர்கள், மீதிப் பணம் கட்டப் போகும்போது ஏஜெண்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாள் கணக்கு டிப்ஸ் கட்டணத்தில் அடங்கியதா, தனியா? தனியென்றால், அந்தப் பணம் முழுவதும் சிப்பந்திகளுக்குப் போகிறதா, கம்பெனி ஏதும் பிடித்துக்கொள்கிறதா? டிப்ஸ் ஒரு காசு வராவிட்டாலும் அறைச் சிப்பந்திக்கு நிச்சயமாகக் கிடைக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு? ஏஜெண்டுக்குத் தெரியாது. தெரியாது என்றால் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுச் சொல்லும்படி சொல்லுங்கள். கிராணிமார் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள். தாங்களே ஒரு வரி எழுதிப் போடலாம். பதில் வந்தாலும், பதில் வராவிட்டாலும், நமக்குத் தெரிவியுங்கள்.