சோதனைக்கு வருகிறவர்கள் யாரைத் தேடுகிறார்கள்?



அமாவாசை இரவில் நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் முடிகிறவரை ஊர் தூங்காது. அந்த நெரிசலில் எலுமிச்சம்பழத்தோடு பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துவருகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அம்மன் காலடியில் வைத்து வாங்கி, ஒட்டிய குங்குமத்தைத் துடைக்காமல் அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். எந்த நாடு என்று கேட்டால் மலேசியா, குவைத் என்று பதில் டக்கென்று வரும். என்ன விசா என்று கேட்டால்தான் தடுமாற்றம். "அதெல்லாம் ஏஜென்ட் பாத்துக்குவாருங்க."

ஏஜென்ட் பார்த்துக்கொண்ட கதைகள் நாம் கேட்காததா? சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு, போனதும் பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்பார். போனபிறகு போனை எடுக்க மாட்டார். முறையாக வேலை விசாவில் போனவருக்கும் நிம்மதி கிடையாது. பெர்மிட் ஒரே ஒரு முதலாளியின் பேரில் இருக்கும். சம்பளம் வரவில்லை, அடி விழுகிறது என்று அவரிடமிருந்து வெளியே வந்தால், அன்றைக்கே தொழிலாளி சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் ஆகிவிடுகிறார். பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் பூட்டிக் கிடக்கும். வளைகுடாவில் இப்படி ஆனவர்களை நம்மவர்களே 'கல்லிவல்லி' என்பார்கள். செக்கிங் என்று சேதி வந்தால் பின்பக்கச் சுவரேறிக் குதிப்பது தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியாது.

மலேசியாவின் குடிநுழைவுச் சட்டம் 2002-இல் கடுமையாக்கப்பட்டது. அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை தண்டனை. ஐந்து பேருக்கு மேல் அப்படி வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கும் சிறையும் பிரம்படியும் உண்டு என்று அதே சட்டம்தான் சொல்கிறது. 2005 முதல் 2010 வரை குடிநுழைவுக் குற்றத்துக்காகப் பிரம்படி வாங்கிய வெளிநாட்டினர் கிட்டத்தட்ட 30,000 பேர் என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் அரசே கணக்குக் கொடுத்தது. பிரம்பு முதலாளி பக்கம் திரும்பியதாகச் செய்தி வருவது அபூர்வம்.

தொழிலாளியைப் பிடிப்பதா, முதலாளியைப் பிடிப்பதா என்கிற வாதம் 2025-இல் அமெரிக்காவிலும் சூடாக நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், கட்டிக்கொண்டிருந்த ஒரு பேட்டரித் தொழிற்சாலைக்குள் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள். 300 பேருக்கு மேல் தென்கொரியர்கள். ஆலை, நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற அதே ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து போடுவது. கொரியா தனி விமானம் அனுப்பித் தன் ஆட்களை ஒரு வாரத்தில் அழைத்துக்கொண்டது. நம்மவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் காகிதம் இல்லாமல் அமெரிக்காவில் இருந்த 104 இந்தியர்களை, பலருக்குக் கையிலும் காலிலும் விலங்கு மாட்டி, ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாமெல்லாம் கொதித்தோம். கொதித்தது நியாயம்தான்.

ஆனால் அதற்கு முந்தைய மாதம், திருப்பூர், பல்லடம் பகுதிகளில் பங்களாதேஷிகள் 31 பேர் பிடிபட்ட செய்தியை எப்படிப் படித்தோம்? 'பிடிக்கட்டும்' என்று பக்கத்தைப் புரட்டினோம். எல்லையைக் காக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. "வடக்கத்தி ஆளுங்க வந்த பிறகு கூலியே ஏறலைங்க" என்று இங்கே கொத்தனாரும் சித்தாளும் சொல்வதையும் வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. அது வயிற்றுப்பாடு. ஆனால் கூலியை ஏற்றாமல் வைத்திருப்பவர் யார்? காகிதம் இல்லாதவன் வாய் திறக்க மாட்டான் என்பது தெரிந்துதானே அவனை வேலைக்கு எடுக்கிறார்கள்? தேடுதல் தொடங்கிவிட்டால் மொழியைப் பார்த்தே சந்தேகப்படுகிற நிலையும் வந்துவிடுகிறது. 2025-இல் குருகிராமில் வங்காள மொழி பேசினார்கள் என்பதற்காகவே பல தொழிலாளர்களைப் பிடித்துவைத்து, இந்தியர்கள்தான் என்று தெரிந்தபின் விட்டார்கள்.

நம் மாவட்டத்தில் வேறொரு சோதனையும் நடக்கிறது. செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட இருளர் பழங்குடிக் குடும்பங்களை மீட்கக் கோட்டாட்சியர் போகிற சோதனை அது. ஜீப் வந்து நின்றதும் மண் குழைத்துக்கொண்டிருந்தவர்கள் பயந்து ஒதுங்குவார்கள். ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்துக் கேட்பார்கள்: எவ்வளவு முன்பணம், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, ஊரில் சாவு விழுந்தால் போக விடுவார்களா? கொத்தடிமை என்று உறுதியானால், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் அதோடு ரத்து. விடுவிப்புச் சான்றும், 30,000 ரூபாய் வரை உடனடி உதவியும் தொழிலாளிக்கு. வழக்கு முதலாளி மேல். எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை. சான்றுக்காகவே அலையவிடுகிறார்கள். ஆனாலும் அந்த ஜீப் தேடி வருவது சரியான ஆளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இருளர்களில் பலருக்குச் சாதிச் சான்றிதழோ ரேஷன் கார்டோ இருந்ததில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா. கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக நடையாய் நடந்தது இந்தக் காகிதங்களுக்காகவும்தான். காகிதம் இல்லாமல் போவதற்குக் கடல் தாண்டவே வேண்டாம். பிறந்த மண்ணிலேயே அது நடக்கும்.

ஆகவே பல்லடமோ கோலாலம்பூரோ ஜார்ஜியாவோ, தொழிலிடத்தில் நுழைகிற அதிகாரி முதலில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இவர்களை வேலைக்கு வைத்தது யார்? சம்பளம் எத்தனை மாதம் பாக்கி? அந்தப் பாக்கியை வசூலித்துக் கொடுக்காமல் யாரையும் விமானம் ஏற்றக் கூடாது. அப்படி ஒரு விதி வந்தால், காகிதமில்லாத ஆள் மலிவு என்கிற கணக்கே பொய்த்துப்போகும்.

உங்கள் வீட்டில் யாராவது கிளம்பத் தயாராக இருந்தால், பணம் கட்டும் முன் அந்த ஏஜென்ட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள். உரிமம் உள்ளவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். ஏற்கெனவே போய்ச் சிக்கியவர்கள் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஒரு பிரதியை அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்